தகரக் கொட்டகையில் மாளும் பொருள்கள்



வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதனுள் பழைய சலவை இயந்திரம், குளிர்ப்பெட்டி, கணினி, மின்விசிறி. எல்லாவற்றையும் நெகிழித் தாளால் இறுகச் சுற்றிப் பூட்டிவிட்டு, 'உள்ளே சூடாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது' என்கிறோம். இந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்கின்றேன். சூடு வேறு, உலர்வு வேறு.

குளிர்நாட்டார் தம் கொட்டகைக்குச் சூடேற்றுவதில் பொருள் உண்டு. அங்கே குளிர்காலக் காற்றில் நீராவி குறைவு. சற்றுச் சூடேற்றினாலே அது வறண்டுவிடும். ஜொகூரில் பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியசு. விடியற்காலையில் அது 23, 24 பாகைக்கு இறங்கும்போது ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். பகலெல்லாம் அடைபட்டிருந்த ஈரக்காற்று, இரவில் தகரம் குளிர்ந்ததும் அதன் அடிப்புறத்தில் நீராகப் படிந்து சொட்டுகிறது. நம்மவர்களோ கூரை ஒழுகுகிறது என்று தார் பூசுகிறார்கள்! சிமெந்துத் தரையிலிருந்தும் ஈரம் ஏறுகிறது. நெகிழித் தாள் அதை வெளியே விடாமல் பத்திரமாகக் காக்கிறது. மின்சுற்றுப் பலகையில் பச்சை படிய வேறென்ன வேண்டும்?

நம் தாத்தா பாட்டியர் இதை அறிந்திருந்தனர். இதே ஜொகூர்த் தோட்டங்களில் ரப்பர் தாள்களைப் புகைவீட்டில் தொங்கவிட்டுப் பல நாள் உலர்த்தினார்கள். கீழே விறகு எரியும். மேலே காற்றுவழி திறந்திருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் வெறும் சூட்டால் தாள் உலராது என்பது அவர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிந்ததன்று.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில், பெற்றோர் வியர்வை சிந்திய பணத்தில் வந்த கணினிகள் இப்படித்தான் மாண்டன. அரசு தரவில்லை என்று மேடையில் முழங்குகிறோம். வந்ததைக் காக்க நான்கு செங்கல் வைக்க ஆளில்லை.

செலவு பெரிதன்று. எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ, ஒன்று உயர, கம்பிவலை போட்ட காற்றுவழி வையுங்கள். பொருள்களைச் செங்கல்மீது பலகையிட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பருத்தித் துணியால் போர்த்துங்கள். சிலர் உள்ளே மின்குமிழை எரியவிடுகின்றனர். அட்டைப்பெட்டிகள் நிறைந்த கொட்டகையில் அது தீவிபத்துக்கே வழி. குளிர்ப்பெட்டியைத் துடைத்து உலர்த்திக் கதவையே கழற்றிவிடுங்கள். பூஞ்சையும் பிடிக்காது; ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே அடைபடவும் மாட்டான்.

தாழ்நிலத்தில் இருப்போருக்கு இவையும் போதா. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் செகாமட்டும் மூழ்கின. அங்கே செங்கல் எம்மாத்திரம்? பயன்படும் பொருளை இன்றே வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று, பள்ளிக் கொட்டகையின் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். டார்ச் விளக்கு ஒன்றும் கொண்டுசெல்லுங்கள்.