பெரியவர்களைக் கூப்பிட்டீர்களா?

சி.பி.ஆர். (நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி என்றால் கல்லூரி மாணவர்களையும் காவலர்களையும் கூட்டிவைத்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அறுபதைத் தாண்டியவர்களை ஏன் அழைப்பதில்லை என்று கேட்டால், "அவங்களுக்குத் தெம்பு ஏது? கத்துக்கவும் வரமாட்டாங்க" என்பார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரக் கரைவரை ஒரு சுற்று வந்தால் இந்தப் பேச்சு எடுபடாது.

முதலில் தெம்பு. நினைவிழந்து, மூச்சும் நின்றுபோனவரின் நடுமார்பில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையை இறக்கி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம். வேலை செய்வது புஜபலம் அல்ல, உடல் எடை. வயதானவர்கள் சீக்கிரம் களைப்பார்கள், ஆழம் குறையும் என்பது உண்மைதான். இளைஞர்களுக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்லித்தானே கொடுக்கிறார்கள்? யாருமே அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. அரைகுறை அழுத்தமும் வெறுமனே நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று. மார்பை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாம் என்று 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய மூவரில் முதல் பெயர் வில்லியம் கவ்வன்ஹோவன். மருத்துவர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர். பணி ஓய்வும் பெற்றிருந்தவர். அப்போது அவருக்கு வயது 74. இன்று நம் ஊரில் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அவரையே அழைத்திருக்க மாட்டார்கள்!

அடுத்தது, "வரமாட்டாங்க". யார் கூப்பிட்டார்கள்? மறைமலை நகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் சிறுசேரிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகலில் வீட்டில் இருப்பவர்கள் யார்? மருத்துவமனைக்கு வெளியே நேரும் இதயநிறுத்தங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நேர்கின்றன. விழுபவர் பெரும்பாலும் முதியவர். பக்கத்தில் இருப்பது அவர் மனைவி அல்லது கணவர். 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அங்கே வேறு கை கிடையாது.

கடற்கரையில் நிலைமை இன்னும் தெளிவு. குளிக்க இறங்கியவரை அலையிலிருந்து இழுத்துப் போட்டால், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களும்தான் ஓடி வருகிறார்கள். வந்ததும் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்கிறார்கள். அது தவறான முறை, நேரம்தான் வீணாகும். மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று, அதாவது வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சு. அதோடு மார்பு அழுத்தம். ஆனால் ஓடி வந்து கைவைக்கிறாரே, அவரைப் போய் விருப்பமில்லாதவர் என்பதா? குறை, சொல்லிக் கொடுக்காதவர்கள் மேல்.

வாயில் வாய் வைக்கக் கூச்சம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. திடீரென்று இதயம் நின்று விழுந்த பெரியவருக்கு, பயிற்சி பெறாத பொதுமக்கள் மார்பை மட்டும் அழுத்தினால் போதும் என்றுதான் இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

விலா எலும்பு முறியுமே, போலீஸ் கேஸ் ஆகுமே? முறியலாம், உயிர் பிழைத்தால் எலும்பு கூடிவிடும். சாலை விபத்தில் உதவுவோருக்கு 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. மற்றபடி, சொந்த வீட்டுக்காரரைக் காப்பாற்ற முயன்றதற்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

நான் ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம் ஒன்று உண்டு: முழங்கால். தரையில் மண்டியிட முடியாதவர்கள் பலர். கட்டிலில் கிடக்கும் கனத்த ஆளைத் தனியாகக் கீழே இறக்குவதும் சுலபமல்ல. கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் பெரிய பயன் இருக்காது. அப்படிப்பட்டவர் 108ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்தைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். அழுத்துபவருக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். இதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

உயிர்காக்கும் திட்டங்கள் இங்கே புதிதல்ல. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைத் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்கள் முதியவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் கையில் இந்தப் பயிற்சியையும் கொடுத்தனுப்பலாம். ஓய்வூதியர் சங்கங்களே, மீனவர் பஞ்சாயத்துகளே, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: தமிழில், பிற்பகலில், உங்கள் ஊரிலேயே வந்து சொல்லித்தரச் சொல்லுங்கள்.