ஒரு பென்னிப் புத்தகம்

பழைய புத்தகக் கடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, நடைபாதையில் விரித்த சாக்கும், அட்டை கிழிந்த பாட புத்தகங்களும், பேரம் பேசும் குரலுந்தான். ஆனால் பழைய புத்தகம் விற்றே பிரபுக்களையும் கோடீசுவரர்களையும் வாடிக்கைக்காரர்களாக்கிக் கொண்ட கடை ஒன்று லண்டன் மாநகரில் உண்டு. 1847-ம் வருஷம் தோன்றிய அக்கடை இன்றும் நடந்து வருகிறது. அதன் சரித்திரத்தில் நமது சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

கடையை ஸ்தாபித்தவர் பெர்னார்டு குவாரிச். பிரஷ்ய ராஜ்யத்தில் 1819-ல் பிறந்தவர். 1842-ல் லண்டனுக்கு வந்து, ஹென்றி போன் என்ற புத்தக வியாபாரியிடம் சிப்பந்தியாக அமர்ந்து தொழில் கற்றார். ஐந்து வருஷங் கழித்து, லெஸ்டர் சதுக்கத்துக்கு அருகில் சொந்தக் கடை வைத்தார். கையில் இருந்த முதல் சொற்பம். தொழிலில் இருந்த சிரத்தையோ அபாரம்!

எந்தப் புத்தகம் எங்கே அச்சாயிற்று, எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன, அதை விரும்பும் மனிதர் எந்த ஊரில் இருக்கிறார் என்பவற்றை அறிந்து வைத்திருப்பதே இந்த வியாபாரத்தின் உயிர். குவாரிச் அதில் நிகரற்றவர். அவர் 1880-ல் வெளியிட்ட புத்தக ஜாபிதா மட்டும் 2,000 பக்கங்களுக்கு மேற்பட்டது! 1884-ல் நடந்த ஓர் ஏலத்தில், 1459-ல் மெயின்ஸ் நகரில் அச்சான சங்கீதப் புத்தகம் ஒன்றை 4,950 பவுன் கொடுத்து வாங்கினார். அச்சிட்ட நூல் எதற்கும் அதுவரையில் அத்தனை விலை யாரும் கொடுத்ததில்லை.

இவ்வளவு கூரிய பார்வையுள்ளவரின் கடை வாசலில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. 1859-ல் எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு என்பவர், பாரஸீகக் கவி உமர் கய்யாமின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, 250 பிரதிகள் அச்சிட்டார். தம் பெயரைக்கூடப் போட்டுக் கொள்ளவில்லை. பிரசுரகர்த்தர் குவாரிச். புத்தகத்தைச் சீந்துவார் இல்லை. கடைசியில், "எதை எடுத்தாலும் ஒரு பென்னி" என்று வாசலில் வைத்திருந்த பெட்டியில் அது போய் விழுந்தது.

1861-ல் அவ்வழியே வந்த விட்லி ஸ்டோக்ஸ் என்ற வழக்கறிஞர் அந்தப் பெட்டியைக் கிளறினார். வாங்கிய பிரதியில் ஒன்றைக் கவி ரோஸெட்டியிடம் கொடுத்தார். ரோஸெட்டி தம் நண்பர் ஸ்வின்பர்னிடம் சொன்னார். இருவரும் மேலும் பிரதிகள் வாங்க வந்தபோது, கடைக்காரர் விலையை இரண்டு பென்னியாக உயர்த்திவிட்டாராம்! ஸ்டோக்ஸ் 1862-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அதே வருஷம் அந்நூலை ஆசிரியரின் அநுமதி இல்லாமலே இங்கே அச்சிடுவித்தார். உலகப் புகழ் பெறப்போகும் காவியத்துக்கு மறு அச்சு கண்ட பெருமை இவ்வாறு நம் சென்னைக்குக் கிட்டியது. லண்டனில் இரண்டாம் பதிப்பு வந்தது 1868-ல்தான். பெட்டியில் கிடந்த அந்த முதற் பிரதிகளைப் பிற்காலத்தில் பெரும் பொருள் கொடுத்துத் தேடினார்கள்.

ஆகவே, பழைய புத்தகத்தைக் காப்பாற்றுவது கடைக்காரரின் சாமர்த்தியம் மட்டுமல்ல. நின்று ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கும் மனிதரின் கைகளுந்தான். அத்தகைய கைகள் நம் நாட்டில் போதிய அளவு இருந்தனவா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப் போன உ. வே. சாமிநாதையரவர்கள், அவை நெய்யில் தோய்த்து அக்கினிக்கு ஆகுதியாக்கப்பட்டன என்று கேட்டுத் துடித்தார். குவாரிச் கடைக்கு வந்திருந்தால் அவை பிற தேசம் போயிருக்கும். ஆனால் உயிரோடு இருந்திருக்கும். இதை நினைக்க மனம் கசக்கிறது.

விதிவிலக்கான மனிதர் நம்மிடையேயும் தோன்றாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராக நின்று, ஏறக்குறைய 1 லட்சம் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு, அந்தச் செல்வத்தை வாங்கிச் சென்னையிலேயே நூல் நிலையமாக நிலைபெறச் செய்ய முன்வந்தது அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலை. அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆயினும், தமிழனின் புத்தகத்துக்குத் தமிழ்நாட்டில் இடந்தேட அயல்நாட்டார் பணம் வேண்டியிருந்தது என்பது பெருமைப்படத்தக்க விஷயமா?

போகிப் பண்டிகைக்குப் பரண் சுத்தம் செய்யும்போது, தாத்தா காலத்துப் புத்தகக் கட்டு ஒன்று அகப்படலாம். பழைய காகிதக்காரரின் தராசில் அதற்கும் கிழிந்த காகிதத்துக்கும் ஒரே விலைதான். தராசில் ஏற்றுவதற்கு முன், குடும்பத்தில் யாராவது ஒருவர் அதைப் பிரித்துப் படித்துப் பார்க்கட்டும்.