செக்குமாட்டுக்குக்கூடப் பிண்ணாக்கு உண்டு!

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டில் 2008 முதல் ‘சாதனைகள்’ உண்டு. ஒன்றைப் பாருங்கள், தோழர்களே! கற்பனைக் காவலாளிகளையும் கடற்கொள்ளையரையும் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். ஆடுவோர் இதை ‘அரைப்பது’ என்கிறார்கள். அரைத்து முடித்தவனுக்குக் கிடைக்கும் பட்டம் என்ன? ‘பித்தன்’! நாம் கேலி செய்யவில்லை. கம்பெனியே சூட்டிய பெயர் அது.

மில்லில் எட்டு மணி நேரம் நின்றால் கூலி உண்டு. செக்குமாட்டுக்குப் பிண்ணாக்கு உண்டு. இங்கோ, அரைப்பவனே மாதச் சந்தாவும் கட்டுகிறான்! அந்தக் கம்பெனியை 2023-ல் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியதே, அதில் பித்தனுக்கு ஒரு காசு உண்டா?

விளையாடவே வேண்டாமென்றா சொல்லுகிறோம்? ஷிப்டு முடிந்து நண்பர்களோடு ஒரு மணி நேரம் ஆடிச் சிரிப்பது நமது உரிமை. தூக்கத்தைக் கெடுத்து, சம்பளமில்லாத இன்னொரு ஷிப்டு பார்ப்பதைத்தான் வேண்டாமென்கிறோம்.