ஒக்கினாவா செல்லுமுன் புழுங்கலரிசியை நினைப்போம்



நூறாண்டு வாழ்வோரின் உணவுமுறையைப் பின்பற்றுங்கள் என்னும் அறிவுரை இப்பொழுது எங்கும் ஒலிக்கிறது. சப்பானின் ஒக்கினாவா, இத்தாலியின் சார்டீனியா, கிரேக்கத்தின் இக்காரியா என ஊர்ப்பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அம்மக்களின் உணவுப் பட்டியல்கள் புலனத்தின் வழியாக நம் பெற்றோர்களையும் வந்தடைகின்றன. ஊதா நிற வள்ளிக்கிழங்கையும் ஒலிவ எண்ணெயையும் தேடிப் பேரங்காடிக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. அதில் தவறில்லை. ஆயினும், அம்மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவர்தம் பண்டங்களையா, உண்ணும் நெறியையா என்பதே என் வினா.

ஒக்கினாவாவின் வள்ளிக்கிழங்கு 1605ஆம் ஆண்டு வாக்கில் சீனாவிலிருந்து அங்கு வந்தது. புயலிலும் பிழைக்கும் பயிர் என்பதால் அஃது ஏழை மக்களின் அன்றாட உணவாயிற்று. வயிற்றில் எண்பது விழுக்காடு நிறைந்தவுடன் கையை நிறுத்துவது அவர்கள் வழக்கம். பின்னர் அமெரிக்கப் படைத்தளங்களோடு விரைவு உணவும் டின் இறைச்சியும் புகுந்தன. அங்கே ஏ அண்டு டபிள்யூ கடை 1963இல் திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலும் அதே ஆண்டில்தான்! 1985இல் ஆயுள் நீட்சியில் சப்பானிலேயே முதலிடத்தில் இருந்த ஒக்கினாவா ஆடவர், 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 47 மாநிலங்களுள் 26ஆம் இடத்திற்கு இறங்கினர். மண்ணும் மரபணுவும் மாறவில்லை, தட்டு மாறியது.

நூறு வயதுக் கணக்குகளில் ஐயம் எழுப்புவோரும் உளர். சால் நியூமன் என்னும் ஆய்வாளர், அத்தகைய இடங்கள் பலவற்றில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் செம்மையாக இல்லை என்று காட்டி 2024இல் இக்நோபல் பரிசு பெற்றார். ஆகவே நூறு என்னும் எண்ணின் மீது மயக்கம் வேண்டா. முன்னோர் உணவைக் கைவிட்ட சமூகத்திற்கு என்ன நேர்கிறது என்பதே நமக்குரிய பாடம்.

அந்தப் பாடத்திற்கு ஒக்கினாவா வரை செல்ல வேண்டியதில்லை. நம் நெகிரி செம்பிலானிலேயே சான்று உண்டு. நூறாண்டுகளுக்கு முன்னர் இம்மாநிலத்தில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி மாண்டனர். அதே மாநிலத்தில் உழைத்த தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. இங்கு அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் இதனைக் கண்டு, காரணம் அரிசியே என்று 1907இல் நூலாக எழுதினார். தமிழர் உண்டது புழுங்கலரிசி! அதே காலத்தில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், இம்மாநிலத்துக் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் நோய் வந்தது. புழுங்கலரிசி உண்ட பிரிவில் வரவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது.

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். அச்சத்துக்குத் தயமின் என்னும் பெயர் பிற்காலத்தில்தான் வந்தது. பெயர் தெரியாமலே நம் பாட்டிமார் அதனைச் சோற்றுப் பானையில் காத்து வந்தனர்.

இதனால் பழையன எல்லாம் பொற்காலம் என்று கூற வரவில்லை. தோட்டத்தில் மலேரியா இருந்தது, வறுமை இருந்தது, சர்க்கரையும் கெட்டிப்பாலும் கலந்த தேநீர் இருந்தது, கள்ளும் இருந்தது. நம் முன்னோர் பலர் முதுமையையே காணவில்லை. அவ்வாழ்வை மீட்பது நம் வேலையன்று. அதிலிருந்த நல்லதைப் பிரித்தெடுப்பதே நம் வேலை.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வின்படி மலேசியப் பெரியோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரில் 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர்! அதே ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையினர். ராசாவிலும் சிரம்பான் சுற்றுவட்டாரத்திலும் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவி, வாளி சுமந்த உடலுக்கு அந்தச் சோற்றுக் குவியல் தேவைப்பட்டது. மரம் போயிற்று, நடை போயிற்று, குவியல் மட்டும் நம் தட்டில் இருக்கிறது. புழுங்கலரிசியே ஆனாலும் குவித்து உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆதலின் சிலவற்றை முன்வைக்கிறேன்.

பெற்றோர்களே, தட்டில் பாதி கீரையும் காயுமாக இருக்கட்டும். சோறு கால் பங்கு போதும். எஞ்சிய கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ ஆகட்டும். முருங்கையும் வல்லாரையும் வேலியோரம் வளர்பவை. மலாய் அண்டைவீட்டார் உலாம் என்று பச்சிலைகளை விரும்பி உண்கின்றனர். நாமோ கீரையை ஏழையின் கறி என்கிறோம். மரவள்ளிக்கிழங்கைச் சப்பான்காரன் காலத்துப் பஞ்ச உணவு என்று ஒதுக்குகிறோம். ஒக்கினாவா மக்களின் வள்ளிக்கிழங்கும் பஞ்சம் தாங்கிய உணவுதான். சோற்றுக்கு மாற்றாக அளவோடு உண்டால் நம் கிழங்கும் நல்லுணவே.

ஆசிரியர்களே, வகுப்பில் பிறந்தநாள் என்றால் அணிச்சலும் பொட்டல இனிப்புநீரும் என்னும் வழக்கத்தை நாமே மாற்றலாம். சுண்டலும் பழமும் வெந்நீரும் போதாவா? திருக்குறளை மனனம் செய்விக்கிறோம். அதன் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்க, அளவறிந்து உண்க என்கிறது. ஒக்கினாவாவின் எண்பது விழுக்காட்டை வியக்கும் நாம், நம் வள்ளுவர் சொன்னதைச் செய்யுள் மொழியணிப் பாடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவ்வதிகாரத்தைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் எழுதி வைத்தால் என்ன?

பிள்ளைகள் நாம் சொல்வதை உண்பதில்லை. நாம் உண்பதையே உண்கின்றனர். மாற்றம் ஆசிரியர் அறையிலும் வீட்டுச் சமையலறையிலும் தொடங்கட்டும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.