கபரகொயாவுக்குக் கல்லு, இகுவானாவுக்குக் கூடு

"வளர்க்க ஏலாமப் போனா ஆத்தோரமா விட்டுடலாம்தானே?" பெரிய பல்லி ஒன்று வாங்க ஆசைப்படுற எங்கள் வயதுக்காரர்களிடம் கதைத்துப் பாருங்கள், கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். இதை இரக்கம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் இதைக் கைகழுவல் என்கிறோம்.

டிக்டொக்கில் வருகிற பச்சை இகுவானா, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது வாலோடு சேர்த்து ஐந்து அடியைத் தாண்டி வளரும். ஒழுங்காகப் பார்த்தால் 15, 20 வருசம் உயிரோடு இருக்கும். கம்பஸ் இரண்டாம் வருசத்தில் ஒருவர் வாங்கினால், அவருக்கு நாற்பது வயது நெருங்கும் வரை அது கூடவே இருக்கும். இடையில் படிப்பு முடியும், வேலை வரும், வெளிநாட்டு விசா வரும், கல்யாணம் வரும். அப்போ யார் பார்ப்பது? நேர்மையாகச் சொல்லுங்கள், அம்மாதானே?

அம்மாவும் என்னதான் செய்வார்? இகுவானா இலை தின்னும் பிராணி. நாய்ச் சாப்பாடும் இறைச்சியும் கொடுத்தால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். கல்சியமும் வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரும் போதாவிட்டால் எலும்பு மெலிந்து, தாடை வீங்கி, கால் வளைந்து போகும். கண்ணாடிக்குள்ளால் வருகிற வெயில் இதற்கு உதவாது. வளர்ந்ததுக்கு ஏறி இறங்க ஒரு சின்ன அறை அளவு கூடு வேண்டும். முகத்துவாரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில் ஆறு பேர் படுக்கிறோம். அந்த மூன்றாவது அறை எங்கே இருக்கு? ஊர்வன சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும் என்பதால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது.

இதெல்லாம் முடியாமல் போகும்போதுதான் அந்த "ஆத்தோரம்" வருகிறது. இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று தெரியாதவர்கள் புளோரிடாவைப் பார்க்கட்டும். செல்லப்பிராணியாக வந்து வெளியே போன இகுவானாக்கள் அங்கே பெருகின. ஒரு பெண் இகுவானா ஒரே தடவையில் பத்துக் கணக்கில் முட்டை இடும். முட்டையிட வாய்க்கால் கரைகளிலும் சுவர்களின் அடியிலும் வளை தோண்டும். 2021இல் அந்த மாநிலம் அதைத் தடைசெய்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலும் தாய்வானிலும் இதே தலையிடி. இலங்கையிலும் இகுவானா வெளியில் திரிவது இப்போது செய்தியாகிவிட்டது.

எங்கள் ஊருக்குப் பெயரே ஆறு கடலில் விழுகிற இடம் என்பதால் வந்தது. களனி பெருகினால் என்ன நடக்கும் என்று 2016 மே மாதம் கொழும்பு பார்த்தது. அந்த ஆற்றங்கரையில் வளை தோண்டுகிற மிருகத்தை விட்டுவிட்டு "பாவம், சுதந்திரமா இருக்கட்டும்" என்று சொல்பவருக்கு, கரையோரம் குடியிருக்கிற சனம் கண்ணுக்குத் தெரியவில்லையா?

"என்ட காசு, என்ட விருப்பம்" என்று சிலர் வாதாடுவார்கள். காசு உங்களுடையதுதான். ஆறு உங்களுடையது இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கு. பெரிய பல்லிமேல் அவ்வளவு ஆசை என்றால், வாய்க்காலில் நீந்துகிற கபரகொயாவைக் கண்டதும் ஏன் கல்லெடுக்கிறோம்? உலகில் பதிவான மிக நீளமான கபரகொயா கண்டியில் கிடைத்தது: 3.21 மீற்றர். எலியையும் செத்த மிருகங்களையும் தின்று, நாங்கள் வீசுகிற அழுக்கை அதுதான் குறைக்கிறது. அதுவும் உடும்பும் இந்த நாட்டின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. பார்க்கலாம், அதுக்குக் காசு இல்லை. வெளிநாட்டுப் பல்லிக்குக் கூடு கட்டி, ஊர்ப் பல்லிக்குக் கல்லெறிகிற ஆசைக்கு மிருகப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆகவே நாங்கள் சொல்வது இது. விற்கிறவர் அதன் முழு நீளத்தையும் ஆயுளையும் வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. எந்த மிருகம் யாரிடம் இருக்கிறது என்று அரசிடம் கணக்கு இருக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் வெட்கப்பட்டு இரவோடு இரவாக ஆற்றில் விட வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு ஒப்படையுங்கள். அதைக் கொண்டுவந்து கொடுக்கிறவரைக் குற்றவாளி மாதிரி நடத்தாமல் இருப்பது திணைக்களத்தின் பொறுப்பு.

இன்னும் வாங்காதவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சுருக்கம்: இருபது வருசத்துக்கு எழுதிக் கையெழுத்து வைக்க ஏலுமா? ஏலாது என்றால், குட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.