ஏர்கோன் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்



இரவு எட்டரை மணி. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசலில் நின்றால் இலேசாகக் காற்று வீசுகிறது. ஆனால் மாடி அறைக்குள் நுழைந்தால், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியதுபோல் இருக்கிறது. காற்றாடியைப் போட்டால் அதுவும் சூடான காற்றையே கீழே தள்ளுகிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பழைய வரிசை வீட்டில் இருந்து தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

சூரியன் போன பிறகும் வீடு ஏன் சுடுகிறது? இந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. "ஏர்கோன் போட்டுடலாம்" என்ற பதில் மட்டும் உடனே வந்துவிடுகிறது. ஏர்கோன் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் மருந்தாக எடுப்பது தவறு என்பதே என் கருத்து.

இந்தத் தவற்றை நானும் செய்தவன். எங்கள் வீடு கிள்ளானில், 1980களில் கட்டப்பட்ட இரட்டை மாடி வரிசை வீடு. "மேல படுக்க முடியலைடா, அடுப்பு மேல படுத்த மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னதும், கடைக்குப் போய் ஏர்கோன் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். அறை குளிரவில்லை. அதைவிடப் பெரியதாக இன்னொன்று வாங்கினேன். அறை குளிர்ந்தது, ஆனால் லைட் பில் ஏறியது. பகலில் வெப்பத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, இரவில் என் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செங்கல்லும் ஓடும் வந்த கதை

முதலில் கொஞ்சம் வரலாறு. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரை அழித்தன. அப்போது வீடுகள் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. பிறகு, பிராங்க் சுவெட்டன்ஹாம் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கான செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். அந்தப் பெயரின் பொருளே செங்கல் வயல்கள்தான்.

செங்கல் நம்மைத் தீயிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அதற்கு இன்னொரு குணம் உண்டு. பகல் முழுவதும் வெப்பத்தை உள்ளே சேர்த்துவைத்து, இரவில் மெதுவாக வெளியே விடும். அத்தாப்புக் கூரை அப்படிச் சேர்த்துவைப்பதில்லை. அன்று வீடு கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் பழைய கடைவீடுகளில் உயரமான சீலிங், சன்னலுக்கு மேல் காற்றுத் துளைகள், நடுவே திறந்த முற்றம் எல்லாம் இருக்கும். வெப்பம் மேலே ஏறி வெளியேற வழி இருந்தது.

நாம் என்ன செய்தோம்? பின்பக்கம் சமையலறையை எல்லை வரை இழுத்துக் கட்டினோம். முன்பக்கம் புல்லை எடுத்துவிட்டு சிமெண்டு போட்டோம். கொசு வருகிறது என்று காற்றுத் துளைகளை அடைத்தோம். வசிக்கும் அறையின் சன்னல்கள் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும், காற்று தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள் சொல்கின்றன. அந்தச் சன்னலுக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்பிவிட்டால் விதியால் என்ன பயன்?

தலைக்கு மேலே ஒரு அடுப்பு

பள்ளியில் நீங்கள் 'ஹபா' என்று படிக்கும் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொண்டுக்சி, பெரொலாகான், சினாரான். தமிழில் வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு. உங்கள் வீட்டுக் கூரையில் இந்த மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன.

மேகமில்லாத நண்பகலில், சூரியனை நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. கறுத்த ஓடு அதில் பெரும்பகுதியை உள்வாங்குகிறது. வெப்பம் ஓட்டின் வழியே கடத்தப்பட்டு அடிப்பக்கத்துக்கு வருகிறது. சூடான ஓடு சீலிங்கை நோக்கிக் கதிர்வீசுகிறது. சூடேறிய சீலிங் உங்களை நோக்கிக் கதிர்வீசுகிறது. சந்தேகமாக இருந்தால், மாலையில் கட்டிலின் மேல் நின்று உள்ளங்கையைச் சீலிங் பக்கம் நீட்டிப் பாருங்கள். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை 'யூ மதிப்பு' என்ற எண்ணால் அளப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் கடத்தல் குறைவு. அந்த எண்ணைப் பரப்பாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கினால், உள்ளே வரும் வெப்பம் எத்தனை வாட் என்று தெரியும்.

உங்கள் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். ஓட்டின் மேற்பரப்பு 55 டிகிரி, அறை 28 டிகிரி என்றால் வேறுபாடு 27. ஓடும் மெல்லிய சீலிங்கும் மட்டுமே உள்ள கூரைக்கு யூ மதிப்பு 2 என்று எடுத்துக்கொண்டால், 2 × 12 × 27 = 648 வாட். அதாவது பழைய 100 வாட் குண்டு பல்புகள் ஆறரை, உங்கள் அறைக்குள் எரிகின்றன.

சிலாங்கூர் மாநிலம் 2012இல் கொண்டுவந்த கட்டட விதித் திருத்தம், புதிய வீடுகளின் இலேசான கூரைக்கு யூ மதிப்பு 0.4ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அதே அறைக்கு அந்த எண்ணைப் போட்டால், 0.4 × 12 × 27 = ஏறக்குறைய 130 வாட். ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் நம்மில் பலர் குடியிருக்கும் தாமான்கள் அந்த விதி வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை.

ஏர்கோன் செய்யும் வேலை

ஏர்கோன் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அறையிலிருந்து ஏறக்குறைய 2600 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 800 வாட். இரண்டும் சேர்ந்து 3400 வாட் வெப்பம் பின்சந்தில் போய் விழுகிறது. வரிசை வீட்டில் பின்சந்து என்பது பக்கத்து வீட்டுச் சன்னல். அவர்களும் ஏர்கோன் போடுகிறார்கள். அந்த வெப்பம் உங்கள் சன்னலுக்கு வருகிறது.

பில்லையும் பார்ப்போம். அந்த ஏர்கோன் இரவில் 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால், 30 நாளில் 192 யூனிட். 70 வாட் காற்றாடி அதே நேரம் ஓடினால் ஏறக்குறைய 17 யூனிட். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிவிட்டது. மாதம் 1500 யூனிட் வரை அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் 1000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆற்றல் சேமிப்புக் கழிவு உண்டு. 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு ஏற ஏற இந்தக் கழிவு குறைந்துகொண்டே போகும். 600ஐத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும். ஆகவே மின்சாரத்தைக் குறைப்பவருக்கு இரண்டு இலாபம்: யூனிட்டும் குறைகிறது, ஒவ்வொரு யூனிட்டின் விலையும் குறைகிறது.

எதை முதலில் செய்வது?

என் வரிசை இது. முதலில் நிழல். மேற்குச் சுவரிலும் சன்னலிலும் வெயில் படாமல் வெளியே மூங்கில் தட்டியோ செடியோ வையுங்கள். உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே இருக்கும் மறைப்பு நல்லது. திரையைத் தொடும் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது அல்லவா?

இரண்டாவது காற்று. அடைத்த துளைகளைத் திறந்து கொசுவலை அடியுங்கள். வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மூன்றாவது கூரை. சீலிங்குக்கு மேல் கண்ணாடிக் கம்பளி விரிக்கலாம். ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாளும் கட்டலாம். புதிய அலுமினியப் பரப்பு, கறுப்புப் பரப்பு வீசும் வெப்பக் கதிரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வீசாது. ஆனால் தாளுக்குக் கீழே காற்று இடைவெளி இருக்க வேண்டும். சீலிங்கோடு ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம், வெப்பத்தை நன்றாகவே கடத்தும்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நீங்களே கூரைக்குள் ஏறிவிடாதீர்கள். பழைய வீடுகளில் மின்கம்பிகள் நைந்திருக்கலாம். சீலிங் தகடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதை உடைத்தால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தெரிந்தவர்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பிறகு, தேவையென்றால் ஏர்கோன். அப்போது சிறியதே போதும். 24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று 2011இல் அரசாங்க அலுவலகங்களுக்கே உத்தரவு வந்தது. வீட்டில் 25 அல்லது 26 வைத்து, காற்றாடியையும் மெதுவாக ஓடவிட்டால் நன்றாகத் தூங்கலாம்.

எங்கள் வீட்டில் நான் தலைகீழாகத் தொடங்கி, கடைசியில்தான் கூரைக்கு வந்தேன். கம்பளி விரித்த பிறகு அம்மா பல இரவுகளில் ஏர்கோனைத் தொடுவதே இல்லை. இரண்டாவதாக வாங்கிய பெரிய ஏர்கோனின் பணம் மட்டும் திரும்பி வரவில்லை.

"நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், சார்"

வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். நியாயமான கேள்வி. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரால் கூரையைத் தொட முடியாது. வீட்டுக்காரருக்கோ அக்கறை இல்லை, ஏனென்றால் பில் கட்டுவது அவர் இல்லை. நிழலையும் காற்றையும் தாண்டி அந்தக் குடும்பத்தால் தனியாக அதிகம் செய்ய முடியாது.

அதனால்தான் இது வீட்டு விஷயம் மட்டுமல்ல என்கிறேன். நம் அரசாங்கம் 'சேவ்' திட்டத்தின் வழி, நட்சத்திரம் அதிகமுள்ள ஏர்கோனுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் கழிவு கொடுத்திருக்கிறது. நல்ல திட்டம். அதே கழிவு பழைய வீட்டுக் கூரைக் காப்புக்கும் கிடைக்க வேண்டும். பிரிட்டனில் வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும், அது எவ்வளவு ஆற்றலைத் தின்னும் என்று காட்டும் சான்றிதழ் வேண்டும். அங்கே பிரச்சினை குளிர், இங்கே வெப்பம். அறிவியல் ஒன்றுதான். அப்படி ஒரு சான்றிதழ் இங்கே இருந்தால், வாடகைக்கு வரும் குடும்பம் கையெழுத்துப் போடும் முன்பே கேள்வி கேட்கும்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. நம் வானிலை ஆய்வுத் துறை இப்போது வெப்ப எச்சரிக்கையை நிலை நிலையாக வெளியிடுகிறது. அத்தகைய நாட்களில் அதிகம் பாதிக்கப்படுவது மாடி அறையில் படுத்திருக்கும் தாத்தா பாட்டிதான்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. ஓர் அறை வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணி, இரவு ஏழு மணி, பத்து மணி ஆகிய நேரங்களில், கீழ்த்தளத்திலும் மாடி அறையிலும் வெப்பநிலையைக் குறியுங்கள். படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் மின்மீட்டரைப் பாருங்கள். ஏழு நாள் எழுதிய அந்த ஒரு தாளை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். ஏர்கோன் கடைக்குப் போவதா, கூரையைப் பார்க்க ஆள் கூப்பிடுவதா என்று அதன் பிறகு குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள்.