பழைய மெஷினும் நமது நாணயமும்

2022ஆம் ஆண்டின் டொலர் நெருக்கடிக்குப் பின்னர் புதிய ட்ரில், கிரைண்டர் வாங்குவது பாஸ்மாருக்குப் பெரும் சுமையாகிவிட்டது. பழையதைத் திருத்தியே பிழைக்கிறார்கள். ஆனால் உதிரிப்பாகம் கேட்டு வந்தால் நம்மில் பலர், "அந்த மொடல் இப்போது வருவதில்லை, புதிது எடுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

மொடல் நின்றாலும் எல்லாப் பாகங்களும் நின்றுவிடுவதில்லை. பெயாரிங்குக்கு அதில் பொறித்த இலக்கமே போதும். 608 என்றால் எந்தக் கம்பனியானாலும் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். காபன் பிரஷ்ஷைப் பழையதோடு அளந்து பார்த்துச் சோடியாகக் கொடுக்கலாம். எரிந்த ஆமச்சரை வைண்டிங் செய்விக்கலாம்.

ஒரிஜினலும் விற்கலாம், கொப்பியும் விற்கலாம். கொப்பியை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. மட்டமான பிரஷ் ஆமச்சரின் செப்புப் பகுதியை அரித்துவிடும். நட்டம் ஏழைத் தொழிலாளிக்கு. தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறியாதவர்களல்லர்.

பிரஷ்ஷில் இலாபம் சொற்பம்தான். ஆனாலும் மெஷினை ஓட வைத்த கடைக்கே அந்த பாஸ் நாளை சீமெந்துக்கும் கம்பிக்கும் வருவார். பரக்கத் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.